அணையடியில் குந்தியிருந்த ஆள்

1938 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. நடந்தது பட்டப்பகலில். நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. மணிகளைக் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். நம்புவது உங்கள் விருப்பம்.

முகத்துவாரத்தில் பௌஸி ஹாஜியாரின் தும்பு ஆலையில் அப்போது நான் கிளாக்கர். தேங்காய் மட்டை ஊறவைக்க ஆலைக்குப் பின்னால் ஒரு குளம். அதைத் தடுத்து நின்றது ஒன்பது அடி உயர மண் அணை. ஹாஜியாரின் தகப்பனார் கட்டியது. அணைக்குக் கீழே பதினொரு வீடுகள். மூன்றாவது வீட்டில் என் தங்கை மேபல், இரண்டு பிள்ளைகளோடு.

மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். ஆகவே காவல்காரன் ஸமீம் தினமும் கசிவுநீரை ஒரு போத்தலில் பிடித்து என் மேசையில் வைக்க வேண்டும்.

பத்து நாள் விடாத மழை. பத்துப் போத்தலும் பளிங்கு மாதிரி. எனக்குச் சந்தேகம் தட்டியது. அன்றைய போத்தலை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மட்டை நாற்றமே இல்லை. அது கிணற்றுத் தண்ணீர்.

ஹாஜியாரிடம் சொன்னேன். “தங்கச்சி அங்க ஈக்கிறதால ஒங்களுக்கு எல்லாம் ஒழுகுது கிளாக்கர்” என்று சிரித்துவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டார். ஆலையே அவர் பின்னால் போனது.

12.25. தனியே அணையடிக்கு இறங்கினேன். மழை விட்டிருந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

அணையில் முதுகை அழுத்திக்கொண்டு ஒருவன் குந்தியிருந்தான். தலையில் சாக்கு. முகம் தெரியவில்லை. ஸமீம்தான், பள்ளிவாசலுக்குப் போகாமல் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“எழும்பு. உன்ர கள்ளம் எனக்குத் தெரியும்.”

அசையவில்லை.

க்ளுக்... க்ளுக்... சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

“எழும்பேலா,” என்றான். “எழும்பினா தண்ணி வந்திரும்.”

அவன் காலடியில் நீர் ஓடியது. கலங்கிய நீர்.

“எவ்வளவு நேரம்...?”

“அஸர் மட்டும்.” பின்னேரத் தொழுகை வரை.

12.31.

ஓடினேன்.

பதினொரு கதவையும் தட்டினேன். அடுப்பில் சோறு கிடக்கிறது என்று மேபல் வர மறுத்தாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்; ஏசிக்கொண்டே பின்னால் வந்தாள்.

3.14க்கு அஸர் பாங்கு தொடங்கியது. அது முடியுமுன் அணை உடைந்தது. மேபலின் வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல்கூட மிஞ்சவில்லை. உயிர்ச்சேதம் இல்லை.

ஜும்மா நேரம் முழுவதும் ஸமீம் ஹாஜியாருக்குப் பக்கத்தில் நின்று தொழுதிருக்கிறான். சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அழுதான். பத்து நாளாக அவன் அணையடிக்கு இறங்கவே இல்லை. “அங்க யாரோ குந்திக்கிட்டு ஈக்கான் கிளாக்கர். கூப்பிட்டா பாக்கான் இல்ல.”

மறுநாள் உடைப்பைப் பார்க்கப் பொலிஸும் டொக்டரும் வந்தார்கள். வெட்டுண்டு நின்ற மண்ணுக்கு உள்ளே, நடுவில், ஒரு மனிதனின் எலும்புகள். குந்தியபடி. முதுகு குளத்துப் பக்கம். குதிகால் இரண்டும் களிமண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு ஊன்றியிருந்தன.

அந்தக் குதிகால்களை டொக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“அணை கட்ட மண்ணைக் கொட்டேக்க ஆள் உயிரோட இருந்திருக்கு. தள்ளிப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு.”