காலியாகத் திரும்பிய பீங்கான்

கெலிஓயாவில் நான் வேலை செய்யும் மருந்துக்கடை வாசலில் நிறை பார்க்கிற தராசு ஒன்று இருக்கிறது. அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். செருப்பைக் கழற்றுவார்கள், கைப்பையை என்னிடம் தருவார்கள், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சை இழுத்தால் நிறை குறையாது என்று பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனது. இன்ஷிரா மட்டும் மூச்சை இழுக்கமாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான்தான் எண்ணை வாசித்துச் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி மாதம் அவள் முதன்முதலாக ஏறியபோது எண்பத்தெட்டு கிலோ.

இன்ஷிராவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபோம் தைப்பாள். இந்த ரோட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்ததைப் போட்டிருப்பார்கள். கணவர் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் உம்மாவின் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே பருத்த உடம்பு. அதைப் பற்றி யாராவது பகிடி பண்ணினால் அவளும் சேர்ந்து சிரிப்பாளே தவிர, ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு நிறை குறைக்கிற ஆசை வந்தபோது, இது அழகுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி ஹபீலுக்காகத்தான். அவளுக்குப் பதினொரு வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். போன வருடம் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஒரு சிறுநீரகத்தைத் தானே தருவதாக இன்ஷிரா சொன்னாள். இரத்தம் பொருந்தியது, கணவரும் சம்மதித்தார், நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இல்லை. நிறை மட்டும்தான் இடித்தது. எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விடிய ஐந்தரைக்கு இரண்டு பேரும் பேராதனைப் பக்கமாக நடப்போம். எனக்கு முழங்கால் நோவும், அவளுக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் நிற்கமாட்டாள். ரொட்டி பாதியானது, சீனி நின்றது, பெருநாளைக்கு வட்டிலப்பத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவாள். ஜூன் முடியும்போது எழுபத்தொன்பது வந்துவிட்டது. நான் கடைக்குள் நின்று கைதட்டினேன். இன்னும் நாலு கிலோ, வந்த வேகத்துக்கு இரண்டு மாதம் போதும் என்று நினைத்தோம்.

அங்கேதான் தராசு ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவாள், கண்ணை மூடுவாள், நான் எழுபத்தொன்பது என்பேன். அடுத்த திங்களும் எழுபத்தொன்பது. முதல் இரண்டு வாரம் தைரியம் சொன்னேன். உடம்பு புதுக் கணக்குக்குப் பழகும் வரைக்கும் எல்லாருக்கும் இப்படி நிற்கும், இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். நடையைக் கூட்டினோம். இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம். சோற்றை அளந்து போட ஒரு சுண்டு கொடுத்தேன். கொப்பியை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். அதில் இருந்ததை மட்டும் சாப்பிட்டால் ஒரு கோழிக்குஞ்சுகூட இளைத்துப்போகும்.

ஐந்தாம் வாரம் ஒரு யோசனை சொன்னேன்.

"உங்க ஆளுங்க திங்கள் வியாழன் நோன்பு புடிப்பாங்களே, அதப் புடிச்சுப் பாரேன். கொஞ்சம் அசையும்."

"பகல்ல ஏலா" என்றாள் அவள்.

"ஏன் ஏலாது? றமழான்ல முப்பது நாளும் புடிச்சவதானே?"

"அது வேற. இப்ப ஏலா, விடு."

தம்பிக்கு உடம்பையே அறுத்துத் தர நிற்கிறவள் ஒரு நோன்புக்கு ஏன் பின்வாங்குகிறாள்? எனக்குச் சுள்ளென்று வந்தது. ஏழாம் வாரமும் எழுபத்தொன்பது என்று வாசித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. கடையில் நாலு பேர் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கேட்டேன்.

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாக்குறியாடி? களவாத் திங்கிற நீ. கொப்பில எழுதாம எங்கேயோ திங்கிற. தராசு பொய் சொல்லாது."

அவள் கண்ணைத் திறந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாள். அடுத்த நாள் விடிய நடக்க வரவில்லை. வரவில்லையென்றால் நான் சொன்னது உண்மைதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அவளுடைய அழைப்பு வந்தது. "பிரேமிளா, அழகர் அண்ணன் ஈக்காரா? ஹபீலுக்கு மூச்செடுக்க ஏலாம ஈக்குது. கெதியா வரச்சொல்லு."

அழகர் என் வீட்டுக்காரர், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். ஹபீலால் சாய்ந்திருக்க முடியவில்லை. முன்னுக்குக் குனிந்து, இன்ஷிராவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்தான். மறுபக்கம் அவர்களுடைய உம்மா, ஆஸியா உம்மா, ஓதிக்கொண்டே வந்தார். அழகருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, அவசரமாக இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோனார்கள். அது முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஓர் இளம் டொக்டர் கட்டிலடியில் நின்று அவனுடைய காகிதங்களைப் புரட்டினார். இரண்டு மாதமாக நிறை ஐம்பத்து நாலிலேயே நிற்கிறது, ஆனால் நெஞ்சு முழுக்கத் தண்ணீர், எங்கேயோ பிசகுகிறது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கேட்டார், இவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

"ஹொந்தட்ட கனவா மாத்தயா" என்றார் ஆஸியா உம்மா. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று. ஒவ்வொரு கிளினிக்கிலும் அவர் சொல்கிற அதே பதில். எங்களுக்கும் அதைத்தான் சொல்வார். கீரையை இரண்டு தரம் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றி, உப்பில்லாமல் சமைத்து, முட்டை வெள்ளையைத் தனியாகப் பொரித்துக் கொடுத்தால், பிள்ளை ஒரு பருக்கை விடாமல் தின்கிறானாம். சோற்றுப் பீங்கானைக் கழுவக்கூடத் தேவையில்லையாம். அதைச் சொல்லும்போது அந்த மனுஷியின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

இன்ஷிரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கன்னே நே" என்றாள்.

சாப்பிடுவதில்லை. அந்த இரண்டு சொல்லும் ஆஸியா உம்மாவுக்கு விளங்கும். திரும்பி மகளைப் பார்த்தார்.

"என்ன புள்ள சொல்ற?"

"அவன் தின்னல்ல உம்மா. நாலு வாய், அஞ்சு வாய்தான் அவன் தின்ட. மிச்சத்த எல்லாம் நான்தான் தின்ட."

கடையில் நாலு பேருக்கு முன்னால் நான் சொன்ன சொல் என் காதிலேயே கேட்டது.

ஹபீல் மூக்கிலிருந்த குழாயை விலக்கினான். "ராத்தாவ ஏசாதீங்க உம்மா. நான்தான் தின்னச்சொன்ன. பீங்கான் அப்பிடியே வந்தா நீங்க தாங்கமாட்டீங்க."

அது எனக்கும் தெரிந்த கதைதான். எட்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய வாப்பா படுக்கையில் இருந்தபோது, மூன்று பகல் அவருடைய பீங்கான் போட்டபடியே திரும்பி வந்தது. நாலாம் நாள் மவுத்தானார். அதற்குப் பிறகு யார் சோற்றை மிச்சம் வைத்தாலும் ஆஸியா உம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். நான் அங்கே சாப்பிடப் போனால்கூட, வயிறு வெடித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். ஹபீலுக்கு நோயால் வாய்க்கு ருசியே இல்லாமல் போனது ஜூன் மாதம். அன்று தொடக்கம் உம்மா குசினியில் இருக்கிற நேரம் பார்த்து அக்கா தின்றுவிட்டு, காலியான பீங்கானைக் கொண்டுபோய்க் காட்டினாள். காலியாக வந்ததைப் பார்த்த உம்மா அடுத்த நாள் இன்னும் ஓர் அகப்பை கூடப் போட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இந்த வீட்டில் அது குப்பைக்குப் போயிருந்தால் எவ்வளவோ நல்லது.

டொக்டர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். சாப்பாடு இல்லாமல் தசை கரைந்துபோனது, கரைந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, அதனால்தான் எண் மாறவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று உம்மா சொல்லி வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது பார்த்தால் அவனுடைய உண்மையான நிறை நாற்பத்தொன்பதுதான். பிள்ளையின் உடம்பில் ஐந்து கிலோ யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அவன் கொஞ்சமாவது தேறாமல் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச முடியாது என்றும் சொன்னார்.

எழுபத்தொன்பதும் நின்றது, ஐம்பத்து நாலும் நின்றது. இரண்டு தராசும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. தராசு பொய் சொல்லாது என்று சத்தம் போட்டவள் நான்.

வராந்தாவில் வைத்து இன்ஷிராவின் கையைப் பிடித்தேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி. அந்தக் கொப்பிலயாவது எழுதியிருக்கலாமே."

"அத எப்பிடி எழுதுற?" என்றாள். "அது என்ட சாப்பாடு இல்லியே. அவன்ட சாப்பாடு."

அவள் பொய்க்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அது தன் கணக்கில் சேராது என்றுதான் நினைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள். அந்த நாலு நாளும் தம்பிக்கு அருகிலேயே இருந்தாள். உம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஹபீலை வீட்டுக்கு விட்டார்கள். அவனை இறக்கிவிட்டு, மருந்து எடுக்க இன்ஷிரா கடைக்கு வந்தாள். நான் கேட்காமலே தராசில் ஏறினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

எழுபத்தேழு புள்ளி ஆறு.

"கொறஞ்சிருக்குடி" என்றேன் மெதுவாக.

"ம்" என்றாள். ஏழு வாரம் காத்திருந்த எண்ணை ஒரு சந்தோஷமும் இல்லாமல் பார்த்துவிட்டு இறங்கினாள். "இவ்வளவு லேசா? நான் தின்னாம ஈந்தா போதுமா ஈந்திச்சா?"

மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தேன். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பகல் சாப்பாட்டு நேரம். ஹபீல் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மடியில் பீங்கான். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர் எப்போதுதான் சமைத்தாரோ, ஆஸியா உம்மா வழக்கம்போலக் குவித்துப் போட்டிருந்தார். போட்டுவிட்டு, வழக்கம்போலக் குசினிக்குள் போயிருந்தார்.

ஹபீல் எங்கள் முன்னால் ஐந்து வாய் சாப்பிட்டான். ஆறாவதை எடுத்து, வாய்வரைக்கும் கொண்டுபோய், திரும்ப வைத்தான். "ஏலா ராத்தா" என்றான். அவனுடைய கண் கதவுப் பக்கம் போனது. இன்ஷிராவின் கை, தானாகவே என்றுதான் சொல்ல வேண்டும், பீங்கானை நோக்கி நீண்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆஸியா உம்மா கதவடியில் நின்றார். எப்போது வந்தாரென்று தெரியாது. நேரே வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வை புள்ள" என்றார். "நான் பாக்கணும்."

ஹபீலின் மடியிலிருந்து பீங்கானை எடுத்து, கதிரையில் உட்கார்ந்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். முட்டை அப்படியே இருந்தது. சோறு ஓர் ஓரம் மட்டும் கலைந்திருந்தது. அவருடைய முகம் வெளுத்தது, ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. மிச்சம் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார்.

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனைக் கேட்டார்.

"அஞ்சு வாயா, ஆறு வாயா?"

"அஞ்சு உம்மா."

"சரி" என்றார். "இன்ஷிரா, கொப்பியக் கொண்டு வா. இவன்ட சாப்பாட்ட வேற பக்கத்தில எழுது."