ஏரியில் இறங்கிய புல்லட்

அலுவலகங்களில் துப்புரவு வேலை பார்க்கும் அமுதவல்லிக்கு நீலசந்திரா பகுதியில் ஒற்றை அறை வீடு. ஊர் மாறிப் போன அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற புல்லட்டை அவள்தான் வளர்த்தாள். லாப்ரடாருக்கும் ஷெப்பர்டுக்கும் பிறந்த நாய் அது. தினமும் காலையில் ஏரிக்கரையில் ஓடவிடாவிட்டால் கதவையே குதறிவிடும்.

பிள்ளையார் கரைத்த மறுநாள், அது அவள் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஏரியில் பாய்ந்தது. அங்கே மிதந்த தேங்காயைக் கவ்வப் போனால், அது வாய்க்கு அடங்காமல் வழுக்கி வழுக்கி விலகியது. புல்லட் விடாமல் துரத்தி நடு ஏரிக்கே போய்விட்டது. களைத்துப்போய் அதன் தலை அடிக்கடி முங்கியது.

நீச்சல் தெரியாத அமுதவல்லி தண்ணீரில் கால் வைத்தாள்.

"இறங்காதம்மா, சேறு இழுத்துக்கும்!" என்று நடைபயிற்சிக்கு வந்த பெரியவர் கையைப் பிடித்தார்.

"செத்துடும் சார்!"

எதை எறிந்தாலும் எடுத்துவரும் பிறவி அது என்பது சட்டென நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிக் கரையோரத் தண்ணீரில் வீசினாள். புல்லட் பார்க்கவில்லை. மற்றதையும் வீசினாள்.

"புடிடா, புல்லட்!"

சத்தம் கேட்டுத் திரும்பியது. தேங்காயை மறந்து, மெல்ல மெல்ல நீந்திக் கரைக்கு வந்தது.

செருப்பை அவள் காலடியில் போட்டுவிட்டு, மறுபடி எறியச் சொல்லிக் குரைத்தது. அமுதவல்லி கயிற்றைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.