மூன்றாவது கூண்டு

என் கணவர் மூக்கிரட்டைக் கீரையை நம்பிய அளவுக்கு என்னை ஒருநாளும் நம்பியதில்லை. ஒரகடம் பக்கத்தில் ஒரு மருந்தியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அந்தக் கீரையின் சாறு சிறுநீரகத்தைக் காக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் வேலை. முதுகுவலி மாத்திரையைக் கடலை மிட்டாய் மாதிரி விழுங்குவார். செம்பரம்பாக்கம் ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தும் இந்த மனிதருக்கு ஒரு டம்ளர் இறங்காது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போவதற்கு லைனில் மாற்றாள் கேட்டுக் கெஞ்ச வேண்டும்.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பார்த்தபோது அவர் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தித் தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர். இவருக்கோ யோசனை பிறந்துவிட்டது.

"அதான் உன் மூக்கிரட்டை கீதே. கூட்டு செஞ்சு குடு. மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, கீரை பாட்டுக்குக் கீரை."

பேசிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை எலிகளுக்குத் தீனி வைக்கும் முறை என்னுடையது. வண்டியில் கொண்டுவந்து விட்டவரைக் கையோடு அழைத்துப்போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினேன்.

முதல் கூண்டுக்கு வலி மாத்திரை மட்டும். எலிகள் மூலையில் சுருண்டு கிடந்தன. இரண்டாவதுக்கு மாத்திரையோடு கீரைச் சாறு. அவை நடமாடின; ஆனாலும் தீனியைப் பாதி மிச்சம் வைத்திருந்தன. மூன்றாவது கூண்டில் ஒரே ரகளை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு இன்னா மருந்து?"

"ஒண்ணும் இல்லங்க. தீனி, தண்ணி. அவ்ளோதான்."

அவர் இரண்டாவது கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ நான் கேட்டது இதானா," என்றார். நான் மூன்றாவது கூண்டின் பாட்டிலில் தண்ணீர் நிரப்பப் போனேன்.

திங்கட்கிழமை மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தவரின் பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில் காலி.

"கீழ கொட்டிட்டேனான்னு பாக்குறியா? மூணு நாலு வாட்டி பாத்ரூம் போனேன். இன்னாய்யா சும்மா சும்மா போறேன்னு சூப்பர்வைசர் கத்துறாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கூண்டு மாறிட்டேன் சார்னேன்."

சிரித்துக்கொண்டேதான் அவர் முதுகுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அவர் குப்புறப் படுத்திருந்தார்.