கணக்குப் பீரியடில் எழும்பிய மலைகள்

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வாரம் இரண்டு விளையாட்டுப் பீரியடுகள் உண்டு. கால அட்டவணையில் மட்டும்தான். பி.டி. டீச்சரான நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசலுக்குப் போவேன். உள்ளே கணக்கு சார் போர்டில் எழுதிக்கொண்டிருப்பார். "போர்ஷன் முடியலங்க டீச்சர். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்பார். அந்த ஒரு நாள் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியையிடம் முறையிட்டால், "வெளயாட்டுதானே, விடுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான், பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு அசைகிறார்கள் என்று அளக்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதை பெல்ட்டில் கோத்து ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கட்டினார்கள். உட்கார்ந்தது, நடந்தது, குதித்தது எல்லாம் பதிவாகிவிடுமாம். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அந்த வாரம் ஒரு பீரியடை நானே வலியப் போய்க் கணக்கு சாருக்குக் கொடுத்தேன். மற்றதைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அவர் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பது என் திட்டம்.

என் பீரியடில் நீளம் தாண்டுதல் வைத்தேன். பிள்ளைகளை உயரவாரியாக வரிசையில் நிறுத்தினேன். யாராவது கோணலாக நின்றால் விசில். ஒருவர் தாண்டுவார், நான் டேப் பிடித்து அளந்து உரக்கச் சொல்வேன், அப்புறம்தான் அடுத்தவர். மணியடித்தபோது பாதிப் பேருக்கு முறையே வரவில்லை. ஆனால் கடைசி வரை வரிசை கலையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

சில நாள் கழித்துக் குழுவிலிருந்து ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு வந்தார். தலைமை ஆசிரியை அறையில் நானும் கணக்கு சாரும் உட்கார்ந்திருந்தோம். திரையில் என் பீரியடுக்கான கோடு, அறுவடை முடிந்த எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுரக்குடி வயல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. கணக்குப் பீரியடில், மேடுகூட இல்லாத எங்கள் காரைக்காலில், அதே கோடு மலை மலையாக எழும்பியிருந்தது.

"பரவால்லையே சார்! பேசாம ரெண்டு பீரியடையும் நீங்களே வச்சுக்குங்க" என்றார் தலைமை ஆசிரியை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெண் பேனாவை எடுத்தார். "பசங்கள அப்படி என்ன சார் பண்ண வச்சீங்க? ரிப்போர்ட்ல எழுதணும்."

கணக்கு சார் மின்விசிறியைப் பார்த்தார். வராந்தாவில் போன ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நான் உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"தோப்புக்கரணம் போட்டோம் மிஸ்" என்றாள் அவள். "ஒரு தப்புக்குப் பத்து. அன்னிக்குப் பின்னம் நடத்துனாங்க. எல்லாருக்கும் எல்லாமே தப்பு."

தலைமை ஆசிரியை முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாதென்று போன மாதம்தான் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். "சார், இனிமே அந்த ரெண்டு பீரியட்லயும் நீங்க வகுப்புப் பக்கமே போகக் கூடாது" என்றார்.

ஜெயித்துவிட்டேன். ஆனாலும் அந்தத் தட்டைக் கோடு ராத்திரியெல்லாம் உறுத்தியது. அடுத்த பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். போன தடவை மாதிரியே உயரவாரியாக நின்றார்கள்.

"வரிசையெல்லாம் வேண்டாம். எல்லாரும் ஓடுங்க!" என்றேன்.

யாரும் அசையவில்லை. முன்னால் நின்ற சின்னப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்: "நாங்க என்ன தப்பு பண்ணோம் மிஸ்?"