எட்டு மணிக்குப் போட்ட மேசை

காலை எட்டு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். நானும் அப்பாவும். ஆளுக்குப் பதினெட்டு ரூபாய் சொச்சம் டிக்கெட். மெட்ராஸுக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். எண்பத்து நான்காம் வருஷம், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள்கள் என் மேசையில் மலையாய்க் கிடந்தன. பெண்கள் பள்ளிக்கூட டீச்சருக்கு வருஷத்தில் பாதி நாள் தாள் திருத்துவதிலேயே போய்விடும். அதையெல்லாம் போட்டுவிட்டு, பட்டுப் புடவையை ஒரு கூடையில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். எதற்கு? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி தரணி மெட்ராஸில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். நான்கு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த வசந்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் சமணர்கள், கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் கோயிலும் நிலமும் இருக்கின்றன. அவள் நம்மவள் இல்லை. அப்பா சண்டை போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு சமையல நான் சாப்பிட முடியாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதோடு சரி. நான்கு வருஷமாக அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளும் ஊருக்கு வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு அங்கே ஒன்று இங்கே ஒன்று பேசிப் பேசி எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

அப்போதுதான் தரணிக்கு இந்த யோசனை வந்தது. அப்பா அவன் வீட்டில் சாப்பிடமாட்டார், சரி. அவர்களும் ஊருக்கு வந்து உட்கார முடியாது, சரி. ஹோட்டலில் யார் சமையலும் இல்லையே! மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல், ஏசி வைத்தது. வெங்காயம், பூண்டு இல்லாமல் செய்யச் சொல்லி அவனே ஏற்பாடு செய்வான். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுந்தால் பாதி வழி வந்ததாகுமே என்றான். பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ட்ரங்க் கால் போட்டு என்னிடம் கெஞ்சினான். நான் அப்பாவிடம் ஒரு மாசம் கெஞ்சினேன். கடைசியில் ஒருநாள் கடலைக் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "சரி, ஹோட்டல்னா வரேன்" என்றார்.

"சனிக்கிழமை சாயங்காலம்" என்று தரணி சொல்லியிருந்தான். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் அதைக் கேட்பதில்லை. இரவில் நாங்கள் சாப்பிடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ஊரில் ஐந்தரைக்கு எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தட்டுச் சத்தம் கேட்கும். அதே தெருவில் தட்டு எடுத்து வளர்ந்தவன்தானே அவன்?

செஞ்சி தாண்டியதும் பக்கத்துச் சீட்டில் இருந்த கடலை வியாபாரி ஒருவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். அப்பா சொன்னார். வியாபாரி தலையை ஆட்டிக்கொண்டார்.

"பெரிய ஹோட்டல்ங்களா? போன வருஷம் ஒரு சேட்டு கூட்டிட்டுப் போனாருங்க. அங்க தட்டு ஜாஸ்தி, சோறு கம்மி. பாத்து வயித்த ரெடி பண்ணிக்குங்க."

அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது, எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. திண்டிவனத்தில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றது. கடை முழுக்க வெங்காய வாடை. அப்பா இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். நானும் சாயங்கால விருந்தை நினைத்து ஒரு காபியோடு விட்டேன். காபி எழுபத்தைந்து பைசா, வெறும் சுடுதண்ணீர். மதுராந்தகம் தாண்டி டயர் ஒன்று போயிற்று. மாற்றி முடிக்க முக்கால் மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. இத்தனைக்கும் அது மாசி மாதம்.

இரண்டு மணிக்குப் பாரிமுனையில் இறங்கினோம். தரணி வீட்டில் தங்க அப்பா சம்மதிக்காததால் சௌகார்பேட்டையில் ஒரு சமணச் சத்திரத்தில் அறை. சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஐந்து ரூபாய் கேட்டு நான்குக்கு வந்தார். மெட்ராஸில் நடப்பதைவிடப் பேரம் பேசுவதுதான் ஆளைச் சாய்க்கிறது. சத்திரத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கிடைத்தது. படுத்தால் தூங்கிவிடுவேனோ என்று பயந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குச் சத்திரத்துச் சமையல்காரர் வந்து, சாயங்காலச் சாப்பாட்டுக்கு இலை போடட்டுமா என்று கேட்டார். கூட்டு வாசனை மாடிவரை வந்தது. அப்பா, "வேணாங்க, பையன் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான்கு வருஷமாகப் "பையன்" என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை.

ஐந்தரை. நான் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அப்பா வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாய் மாடி வராந்தாவில் நின்றார். ஆறு மணி. எதிர்வீட்டு மொட்டை மாடியில் வெயில் மஞ்சளாகி, கைப்பிடிச் சுவரில் ஏறி, காணாமல் போயிற்று. தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், வேறென்ன.

ஏழு மணிக்கு டாக்ஸியில் தரணி வந்தான். கோட்டு போட்டிருந்தான். வசந்தி முன் சீட்டில், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. "எட்டு மணிக்கு மேசை சொல்லியிருக்கேன்க்கா, டைம் இருக்கு" என்றான் தரணி. அவனை அங்கேயே இரண்டு அறை விடலாமா என்றிருந்தது. அப்பா ஏறி உட்கார்ந்தார். வராமல் நின்றுவிட்டால் அந்தப் பெண் முன்னால் மகனுக்கு அவமானம் என்று நினைத்திருப்பார். நானும் அதையே நினைத்துப் பின்னால் ஏறினேன்.

ஹோட்டலைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும், பார்க்காதவர்களுக்காக. வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் கதவைத் திறந்து சலாம் வைக்கிறார். உள்ளே காலை வைத்ததும் மார்கழி மாதக் குளிர். தரைவிரிப்பு பாதத்தை விழுங்குகிறது. ஒரு தக்காளி சூப் பன்னிரண்டு ரூபாய். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது அங்கே இருந்த இருட்டு. மேசைக்கு ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் முகமே பாதிதான் தெரியும். இரவில் சாப்பிடக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் வைத்ததே, இருட்டில் ஒரு பூச்சி, எறும்பு விழுந்தால் தெரியாமல் அந்த உயிரைத் தின்றுவிடக் கூடாது என்றுதான். இங்கே அதே இருட்டைக் காசு வாங்கிக்கொண்டு பரிமாறுகிறார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்ட சர்வர் போனதும் தரணியின் காதில் சொன்னேன், "பொழுது போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு, தெரியுமாடா?"

முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்திலும் அவன் முகம் கறுத்தது தெரிந்தது. மறைத்ததல்ல, மறந்தே போயிருக்கிறான். பத்து வருஷ மெட்ராஸ். வெங்காயம் நினைவிருந்தது, சூரியன் நினைவில்லை.

சூப் வந்தது. அப்பா கையை மடியில் வைத்தபடி, "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார். தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவில்லை. நான் தண்ணீர் மட்டும் குடிப்பேன், அவர் அதுவும் கிடையாது. வசந்தி அப்பாவைப் பார்த்தாள். என் முன்னால் இருந்த தொடாத கிண்ணத்தைப் பார்த்தாள். மடித்து வைத்த துணியைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தாள். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"மாமா, நான் அந்த மூலை மேசைக்குப் போயிடறேன். நான் இல்லன்னா நீங்க சாப்பிடுவீங்க."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒரு ஆபீஸ் காரியம்போல நிதானமாகச் சொன்னாள். நான்கு வருஷம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று தோன்றியது.

அப்பா பதறிப்போய்க் கையை நீட்டினார். "உக்காரும்மா. உன்னால இல்ல. பொழுது போயிடுச்சு, அதுக்கப்புறம் நாங்க சாப்பிடறதில்ல. உங்க வீட்டுக்காரன் உனக்குச் சொல்லலியா?"

அவள் தரணியைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன். கல்யாணமான எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரியும். உட்கார்ந்தாள். தன் கிண்ணத்தை நடுமேசைக்குத் தள்ளினாள். வெறும் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா இரண்டு தடவை சாப்பிடச் சொல்லிப் பார்த்தார். "நீங்க பட்டினி இருக்கறப்ப எனக்கு எறங்காது மாமா" என்றாள். தரணியும் ஸ்பூனைக் கீழே வைத்தான். நான்கு பேர், நான்கு கிண்ணம், ஆவி அடங்கிய சூப். சர்வர் வந்து வந்து பார்த்துவிட்டு, சூப்பில் ஏதாவது குறையா என்று இங்கிலீஷில் கேட்டார். குறை சூப்பில் இல்லை என்று நான் தமிழில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், "காலைல உங்க வீட்ல எத்தன மணிக்கு அடுப்பு பத்த வப்பே?"

"ஆறுக்கு மாமா."

"பொழுது கிளம்பினதும் வரோம்."

தரணி தலை குனிந்துகொண்டான். ஹோட்டல் குளிரில் அவனுக்கு வேர்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. இரவு முழுக்கப் பசியில் நான் புரண்டேன். அப்பா தூங்கினாரோ இல்லையோ, விளக்கு வைத்ததிலிருந்து வாயில் ஒன்றும் படாமல் விடிகிறவரை இருந்தார். ஆறே முக்காலுக்குச் சைதாப்பேட்டையில் தரணி வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். இரண்டு அறை வீடு, சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். வசந்தி குளித்து ஈரத்தலையோடு பூரி இட்டுக்கொண்டிருந்தாள். தரணியைப் பாலுக்கு அனுப்பியிருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்தார். நல்ல வெளிச்சம். தட்டில் நான்கு பூரி, உப்பியது உப்பியபடி. பக்கத்தில் மஞ்சளாய் மசியல்.

"வெங்காயம் ஒரு துண்டுகூடப் போடல மாமா. கிழங்கு மட்டுந்தான், இஞ்சி போட்டு" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளத் தோன்றியது. மண்ணுக்குக் கீழே விளையும் கிழங்கு எதையும் அப்பா தொடமாட்டார். உருளைக்கிழங்கும் கிடையாது, இஞ்சியும் கிடையாது. அந்த மகாராசன் வெங்காயம், பூண்டு என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கிறான். நான் வாயெடுத்தேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரே பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

"சர்க்கரை இருக்காம்மா?" என்று வசந்தியைக் கேட்டார். "எனக்குப் பூரிக்குச் சர்க்கரைதான் பிடிக்கும்."

ஓடிப்போய் எடுத்துவந்தாள். நான்கு பூரியும் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனிப்பென்றால் ஆகாத மனிதர் அவர், ஊரில் காபியே அரைச் சர்க்கரைதான். மசியலைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தியதை அவள் கவனிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணி பஸ். ஜன்னலோரம் கிடைத்தும் உட்காரத்தான் தெம்பில்லை. போக வர இருவருக்கும் பஸ் காசு, ரிக்ஷா, ஆட்டோ, சத்திரம், தரணி கட்டிய சூப் பில். இத்தனையும் கடைசியில் ஆறு பூரிக்காக. எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பூரி. அதைச் சொன்னால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

செஞ்சி தாண்டி நம் மலை நீலமாய்த் தெரிய ஆரம்பித்தபோது கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, அடுத்த தடவ வசந்திய வாழக்கா போட்டுச் செய்யச் சொல்லு. கிழங்கு வேணாம்."

நான்கு வருஷத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று தலையை ஆட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் என் பக்கம் சாய்ந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லாத."