மேல்மண்ணின் ஏழாவது பாட்டு

மைக் செட் வெச்சுப் பொழைக்கிற என் இனத்துக்காரங்களே, நம்ம காதுல விழற பேச்சு ரெண்டே ரெண்டுதான்: "சத்தம் வைங்க", "சத்தத்தைக் கொறைங்க." ரெண்டையும் ரெண்டு பேரு ஒரே நேரத்துல சொல்லுவாங்க, நாம நடுவுல நின்னு முழிப்போம். மந்தாரக்குப்பத்துல எனக்கு வருஷக்கணக்கா இதே பாடுதான். எலி ஒயரைக் கடிச்சிருக்குது, ஆம்ப்ளிஃபயர் பொகஞ்சிருக்குது, மாப்ள வூட்டு ஆளு சட்டையப் புடிச்சிருக்கான். அதெல்லாம் ஒரு கஷ்டமா? 'மேல்மண்' குடுத்த கதைக்கு முன்னாடி எதுவும் நிக்காது.

கல்யாணமா, காதுகுத்தா?

மைன்ஸ்ல நிலக்கரிக்கு மேல கெடக்குற மண்ணுதான் மேல்மண். மொதல்ல அதைத்தான் வாரி ஓரமாக் கொட்டுவாங்க. கான்ட்ராக்ட் தொழிலாளி அரசு தன்னோட மொத ராப் ஆல்பத்துக்கு அந்தப் பேரைத்தான் வெச்சான். அவங்க ஊரை மைன்ஸுக்கு எடுத்தப்ப, காலி பண்றதுக்கு முன்னாடி அவன் பண்ணின ஆல்பம்.

ஒம்போது பாட்டு. மொதமொதல்ல கேட்டப்ப, "பாட்டாடா இது? ரேஷன் கடை வரிசையில சண்டை போடற மாதிரி இருக்குது"ன்னேன். அப்புறம் வண்டியில போட்டுப் போட்டு நானே முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டேன். ஒரு கெட்ட வார்த்தை கெடையாது, கத்தல் கெடையாது. மைன்ஸ்ல மண்ணு ஏத்திக்கினு போற கன்வேயர் ரோலர் உருள்றதுதான் தாளம். பர்மனென்ட் ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் ஒரே வேலைய முடிச்சிட்டு வேற வேற கேட்டு வழியா வூட்டுக்குப் போறாங்க. ரெண்டாவது பாட்டு அவ்ளோதான், ஆனா கேட்டா வயிறு எரியும். ஏழாவது பாட்டு அவங்க ஊர்க் கெணறு. கப்பி கிறீச்சுன்னு சுத்தும், வாளி தண்ணியில தொபுக்குனு விழும், அப்புறம்தான் அரசு வாயத் தெறப்பான். இன்னைக்கு எங்க பக்கத்துக் கான்ட்ராக்ட் பசங்க அத்தனை பேருக்கும் அது தலைகீழ்ப் பாடம்.

அந்த ஆல்பத்துக்கு மைக் குடுத்தவன் நான்தான். அரசு வாடகைக்குக் கேட்டு வந்தப்ப, கல்யாணமா காதுகுத்தான்னு கேட்டேன். அவன் சொன்னான்: "ரெண்டும் இல்லண்ணே. ஊரு இன்னும் உசுரோட இருக்குது, அதுக்குள்ள அது பேசறதப் புடிச்சு வெச்சுக்கறேன்."

பட்டப்பகல்ல

ஊரைக் காலி பண்ணினவங்களுக்குக் குடுத்த காலனியில ஒரு காதுகுத்து. பிள்ளையார் பாட்டு முடிஞ்சதும் பசங்க மேல்மண் கேட்டாங்க. மொதப் பாட்டே சைரன்லதான் தொடங்கும், மைன்ஸ்ல வெடி வெக்கறதுக்கு முன்னாடி ஊதற சைரன். எனக்கென்ன தெரியும், வால்யூமை ஃபுல்லாத் தெறந்து விட்டேன்.

ஒவ்வொரு வூட்டுலேர்ந்தும் ஆளுங்க வெளிய வந்தாங்க. கரண்டியோட ஒரு பொம்பள, சோப்பு நுரையோட ஒருத்தர், ஊசியக் கையில புடிச்சபடி காது குத்த வந்த பத்தர். தெருவுல வரிசையா நின்னு எல்லாரும் ஒரே பக்கமாப் பாத்துக்கினு இருந்தாங்க. பழைய ஊருல வெடி போடறப்ப வூட்டுக்குள்ள இருக்கக் கூடாதாம். அந்தப் பழக்கத்துக்குக் காலு தானா வந்துடுச்சு. பாட்டை நிறுத்தினேன். அப்பவும் யாரும் அசையல. கடைசியா ஒரு பெரியவர் எங்கிட்ட வந்து கேட்டார்: "வெடிச்சாச்சுங்களா? உள்ள போலாமா?"

டேங்க் அடியில

அரசுவோட தங்கச்சி செல்வி. அவளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. எங்க பக்கம் கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிய அழைக்கணும். வூட்டுல செத்துப்போன பொம்பளைய, அவ தண்ணி எடுத்த எடத்துக்குப் போயி பம்பை அடிச்சுக் கூப்புடுவாங்க. யாரு மேலயாவது வந்து 'சரி'ன்னு சொன்னாத்தான் தாலி. செல்விக்கு அது அவ அம்மா அஞ்சலை. ஊரு இருக்கும்போதே செத்துப் போயிட்டாங்க.

அஞ்சலை தண்ணி எடுத்த கெணறு இப்ப மைன்ஸ் குழி. அதனால காலனி வாட்டர் டேங்க் அடியில வெச்சுக் கூப்பிட்டாங்க. பம்பைக்காரரு தோளு வலிக்க அடிச்சார். யாரும் வரல. பொழுது சாஞ்சிடுச்சு. செல்வி மாலையும் கழுத்துமா நின்னுக்கினே இருந்தா. பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சிய என்னால பாக்க முடியல. மாப்ள வூட்டுக்காரங்க கெளம்பிட்டாங்க, கல்யாணம் நின்னு போச்சு. அவங்கப்பா மாணிக்கம் டேங்க்கைப் பாத்துச் சொன்னார்: "அவளுக்கு இந்த எடமே தெரியாதே. யாரு போயி வழி சொல்றது?"

நாய்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல ஒரு பொறந்த நாள். ரிட்டயராகப் போற ஆபரேட்டர் வூடு, திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. மண்ணு வெட்டற பெரிய மிஷினை ஓட்டினவர். பசங்க கேட்டாங்கன்னு மேல்மண் போட்டேன். மூணாவது பாட்டுல பின்னால ஒரு நாய் கொரைக்கும். அது கொரைச்சதும் மனுஷன் கேக்குத் தட்டைக் கீழ வெச்சிட்டார்.

ஸ்பீக்கராண்ட வந்து குனிஞ்சு கேட்டார். எந்த ஊருல பிடிச்சதுன்னு விசாரிச்சார், சொன்னேன். அப்படியே ஸ்பீக்கர் மேல கைய வெச்சுக்கினு நின்னார், தடவிக் குடுக்கற மாதிரி. "ஊரு காலியான பொறவும் இது மட்டும் போகல தம்பி. மிஷினை நிறுத்தி வெரட்டினோம், திரும்பத் திரும்ப அதே வாசல்ல வந்து படுத்துக்கிடும். இப்பவும் அங்கனதான் படுத்திருக்கு போல."

அரசு சொன்னது

செல்விக்கு மறுபடியும் எடம் அமைஞ்சுது, காடாம்புலியூர்ப் பையன், முந்திரித் தோப்பு இருக்கற குடும்பம். இந்தத் தடவையும் பூவாடைக்காரி வரலன்னா அந்தப் பொண்ணை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. ஊரு வாயி அப்படி. எனக்கு அந்த நாய் நெனப்பாவே இருந்துச்சு. மாணிக்கத்துக்கிட்ட, "ஏழாவது பாட்டுல உங்க கெணறு இருக்குதுங்களே"ன்னேன். அவரு என் ரெண்டு கையயும் புடிச்சுக்கினார்.

அதைப் போட்டு அஞ்சலையக் கூப்புடலாம்னதும் அரசுக்குக் கோவம்னா கோவம், எகிறிட்டான். கொஞ்ச நாளாவே அவன் பாடறத விட்டுட்டு, ஷிப்ட் உண்டு தூக்கம் உண்டுன்னு இருந்தவன். "கேக்க வேண்டியவங்க ஒருத்தரும் கேக்கலண்ணே. செத்தவங்க கேட்டு என்னா ஆவப்போவுது?"

வாளி

சாயந்தர வெயில். அதே டேங்க், அதே பம்பை. இந்தத் தடவை டேங்க் அடியில என் ஸ்பீக்கரும் நிக்குது. அரசு கையக் கட்டிக்கினு தள்ளி நின்னான். செல்வி கண்ண மூடிக்கினு இருந்தா. பம்பைக்காரரு ரொம்ப நேரம் அடிச்சிட்டு, ஒண்ணும் நடக்காம, எனக்குத் தலையாட்டினார். ஏழாவது பாட்டைப் போட்டேன். கப்பி கிறீச்சுது. வாளி விழுந்துச்சு. நான் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான், அன்னைக்கு மட்டும் கீழ ரொம்ப ஆழத்துலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. ஸ்பீக்கர்ல அரசு பேச ஆரம்பிச்சான். அந்த நேரம் பாத்து, தள்ளி நின்ன அரசு தொப்புன்னு மண்ணுல ஒக்காந்தான்.

சேலையத் தூக்கிச் சொருவற மாதிரி லுங்கியச் சொருவிக்கினு எந்திரிச்சான். மாணிக்கம் "அஞ்சல"ன்னு ஒரே அழுகை. அரசு வாயிலேர்ந்து ஒரு பொம்பளக் கொரலு மூச்சு வாங்கி வாங்கி வந்துச்சு: "எம்மாந்தூரம்யா நடக்கறது? வழி பூராக் குழி. வாளிச் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்." செல்வி தலையில கைய வெச்சு, "நல்லா இரும்மா, கட்டிக்க"ன்னான். ஸ்பீக்கர்ல அவன் கொரலு, எதிர்ல அவன் வாயில அவங்கம்மா. செல்வி ஓன்னு அழுதா, குலவை போட்டாங்க, பம்பை எகிறிச்சு. போதும் சாமின்னு வால்யூமுக்குக் கைய நீட்டினேன். பனிக்கட்டியாட்டம் ஒரு கை என் மணிக்கட்டப் புடிச்சுது. அரசு என்னையப் பாக்கல, மைன்ஸ் பக்கம் பாத்துக்கினே சொன்னான்: "கொறைக்காத. எனக்குப் பின்னாடி இன்னும் ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க."

அன்னையிலேர்ந்து அந்தக் காலனியில யாரு சத்தத்தைக் கொறைக்கச் சொன்னாலும் கொறைச்சிடுவேன், ஏழாவது பாட்டு ஓடறப்ப மட்டும் எனக்குக் காது கேக்காது.