தம்பி நோன்பு பிடித்த நாளும் அவனுடைய குளிசையும்

குளிசை குடிக்காத அந்த ஒரு நாள், என் தம்பி பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் இருந்தான்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. இரண்டு வைத்தியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அப்போது நாங்கள் திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக லோஞ்ச் படகில் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும், தம்பிக்கு ஏழு. அவனைக் கடைக்கு அனுப்பி உப்பு வாங்கிவரச் சொன்னால் நண்டோடு வருவான். உப்பு எங்கே என்று கேட்டால், உண்மையாகவே யோசிப்பான். அவன் பொய்யன் அல்லன், குழப்படிக்காரன்கூட அல்லன் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்று அவனைக் கூப்பிட்டுவிடும், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விடப் பலமாகக் கூப்பிட்டது கப்பல். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் ஊதினால், வாத்தியார் கரும்பலகையில் இருந்து திரும்புவதற்குள் தம்பியின் இடத்தில் சிலேட்டு மட்டும்தான் இருக்கும். அவன் மதிலேறி, எந்த நாட்டுக் கொடி என்று பார்க்கப் போயிருப்பான்.

தலைமை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"உங்கட மகனுக்குப் படிப்பிக்கிறதெண்டா நாங்கள் கப்பலிலதான் வகுப்பு வைக்கவேணும்" என்றார். அம்மா மரியாதைக்குச் சிரித்தார். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. பிள்ளை வகுப்பில் இருக்கப் பழகாவிட்டால் அடுத்த தவணைக்கு வைத்திருக்க ஏலாது என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் அம்மாவும் அப்பாவும் தம்பியோடு கொழும்புக்கு ரயிலேறினார்கள். அங்கே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு குழந்தை வைத்தியர், சின்னஞ்சிறிய வெள்ளைக் குளிசைகள் கொஞ்சம் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பின்னேரத்தில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நித்திரை வராது. விட்டு விட்டுக் கொடுக்கவும் கூடாது.

தம்பிக்கு அம்மா சொன்னது வேறு. "இது விற்றமின். மூளைக்குச் சத்து."

"அப்ப அக்காவுக்கு?"

"அக்காவுக்கு இருக்கிற மூளை போதும்."

இதை நான் பாராட்டு என்று நினைத்துப் பல நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

கசக்கிற விற்றமினை அவன் விரும்பவில்லை. அம்மா கதலிப்பழத்துக்குள் வைத்தார். சுற்றிவர இருந்த பழத்தைத் தின்றுவிட்டு, குளிசையைப் புளியங்கொட்டை மாதிரிச் சுத்தமாகத் துப்பித் தந்தான். பிட்டுக்குள் வைத்தார். அவன் பிட்டை உதிர்த்து உதிர்த்துத் தேட, கோழிகளுக்கு நல்ல விருந்தாயிற்று. பிறகு அவன் மறுப்பதை விட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வாயில் போட்டுக்கொள்ளத் தொடங்கினான். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அடுத்த கிழமை, அப்பா லோஞ்சில் வைத்து வெற்றிலை எடுக்கத் தன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபோது, அரைவாசி கரைந்த விற்றமின்கள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

அன்றிலிருந்து அந்த வேலை என்னிடம் வந்தது. "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்." நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒரு நாளும் தவறவிடவில்லை. வேலைக்குப் போகும்போது அப்பா வாசல் படலையில் நின்று, "கஸ்டம்ஸ் முடிஞ்சுதோ?" என்று கேட்பார். "முடிஞ்சுது" என்று நான் சொன்ன பிறகுதான் சைக்கிளை மிதிப்பார்.

குளிசை வேலை செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பிழை. தம்பியின் எழுத்து கோட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. கப்பல் ஊதினால் கழுத்து மட்டும் திரும்பியது. தலைமை ஆசிரியர் அடுத்த தவணையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது.

எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவை அம்மா "ராத்தா" என்பார், நாங்கள் "மாமி" என்போம். மாமியின் மகனும் தம்பியும் ஒரே வயது, ஒரே மரத்தில் ஏறுகிறவர்கள். அந்த வருடம் அவன் முதன்முதலாக நோன்பு பிடித்தான். புதுத் தொப்பி, போகிற வருகிறவர்கள் எல்லாம் "பெரிய மனிசன்" என்று கன்னத்தைத் தட்டல். தம்பி இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் காலை, குளிசையோடு வந்த அம்மாவைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினான். பிறகு வாயை ஒரு விரற்கடை திறந்து, "நான் நோன்பு" என்றான்.

விடியமுன்னமே எழும்பிச் சாப்பிட்டானாம். குசினியில் வாழைப்பழச் சீப்பு மெலிந்திருந்தது.

"சைவக்காரருக்கு என்னடா நோன்பு?" என்றார் அப்பா.

"அம்மா வெள்ளிக்கிழமையில பிடிக்கிறா. நான் செவ்வாய்க்கிழமையில பிடிக்கிறன்."

அம்மாவின் கை பாதியில் நின்றுவிட்டது. கந்தசஷ்டிக்குப் பச்சைத் தண்ணீரும் குடியாதவர் அவர். விரதம் என்று சொல்கிற ஒருவரின் வாயை எப்படி நெரித்துத் திறப்பது? நான் கஸ்டம்ஸ். கப்பலே வராத நாளில் எனக்கு என்ன வேலை?

அம்மா அவனை இழுத்துக்கொண்டு வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் மாமி வீட்டுப் பக்கம் புகுந்தார். நானும் பின்னால் போனேன்.

"ராத்தா, ஒருக்கா நீங்கள் சொல்லுங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு நோன்பு இல்லைத்தானே?"

மாமி அரிசி களைந்த ஈரக் கையோடு வந்தார். "சின்னப் புள்ளைகளுக்குக் கடமை இல்ல மகன்."

தம்பி, தொப்பியோடு நின்ற சிநேகிதனைக் காட்டினான். "அப்ப இவர்?"

"அவர் ஆசைக்குப் புடிக்கிறார்."

"நானும் ஆசைக்குத்தான்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், உள்ளங்கையில் இருந்த குளிசையைப் பார்த்தார். உதவி செய்யத்தான் நினைத்தார், பாவம். "இஞ்ச பாருங்க மகன். மருந்து குடிக்கிற வருத்தக்காரருக்கு நோன்பை அல்லாஹ்வே விட்டுத் தந்திருக்கான். உங்களுக்கு ஒரு குத்தமும் இல்ல."

தம்பி, நோயாளியைத் தேடுவதுபோலச் சுற்றிவரப் பார்த்தான். "ஆர் வருத்தக்காரன்?"

மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அது விற்றமின், மாமி. அம்மா சொன்னவ." பிறகு அம்மாவைப் பார்த்து, சும்மா நேரம் கேட்பதுபோலக் கேட்டான். "நான் வருத்தக்காரனா அம்மா?"

அம்மாவின் உள்ளங்கை வேர்வையில் குளிசை ஈரமாகிக்கொண்டிருந்தது. "பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது. வெளிக்கிடு" என்றார்.

அப்படித்தான் அவன் நோன்போடு பள்ளிக்கூடம் போனான். அன்றைக்கே அவனைப் பள்ளியிலிருந்து நிற்பாட்டிவிடுவார்கள் என்று நான் வழி முழுக்கப் பயந்துகொண்டு நடந்தேன்.

எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று சிநேகிதன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆகவே, யன்னலோரத்தில் இருந்த தம்பி, காலையிலிருந்து யன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டிருந்தான். யன்னலுக்கு வெளியே தலைமை ஆசிரியரின் சைக்கிள் நின்றது. மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் ஊதியது. நல்ல பெரிய கப்பல், நீளமாக ஊதியது. பக்கத்து வகுப்பில் இருந்த நான் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியாரும்தான். அவன் மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். ஓடினால் தாகம் வரும் என்று பிறகு எனக்கு விளக்கம் சொன்னான்.

பள்ளிக்கூடம் விட்டதும் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அம்மாவிட்டைச் சொல்லும், தம்பி இண்டைக்கு வகுப்பிலை வடிவா இருந்தவர் எண்டு. என்ர சைக்கிள் சீற்றைப் பற்றியும் சொல்லும்."

பின்னேரம், மாமி வீட்டில் பாய் விரித்துக் கஞ்சிக் கோப்பைகள் வைத்திருந்தார்கள். இரண்டு பெடியன்களும் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைப் பார்த்தபடி, பாங்கு சொல்லும்வரை அசையாமல் இருந்தார்கள். நோன்பு திறந்த பிறகு, எச்சில் விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்று மாமி சொன்னார். தம்பி சிநேகிதனை அடிக்க எழும்பினான். அதற்கும் அவனுக்குச் சக்தி இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கும் நான் நோன்பு" என்றான்.

"நல்லது. குளிசையை நிப்பாட்டிப்போட்டு நோன்பையே பிடிக்க விடுவம்" என்றார் அப்பா.

"வருசம் முழுக்கவோ?" என்று கேட்ட அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. தம்பியைப் பின்வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கோப்பை கழுவச் சொன்னார். குசினி யன்னலால் இருவரின் முதுகும் தெரிந்தது. அம்மா மெதுவாக, நெடுநேரம் ஏதோ சொன்னார். தம்பி ஏதோ கேட்டான். அம்மா மறுபடியும் சொன்னார். கடைசியில் அவன் சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை, சாப்பிட்டு முடித்ததும் அவனாகவே கையை நீட்டினான். குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். நான் வழமைபோல முன்னால் போய், "வாயைத் திற" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. இனி நீ பார்க்கவேண்டாம்" என்றார் அம்மா.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. எந்தக் கன்னத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன் என்று பல நாள் யோசித்தேன். அந்தப் படியில் எனக்கல்ல, தம்பிக்குத்தான் ஏதோ நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவன் குளிசைக்காக ஒரு நாளும் மல்லுக்கட்டியதில்லை.

இப்போது என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கும் காலையில் ஒரு வெள்ளைக் குளிசை. சத்து மருந்து என்றுதான் நானும் சொல்லி வைத்திருக்கிறேன். பிழை என்று தெரியும். ஆனால் சரி எது என்று தெரியவில்லை. அன்றைக்குப் படியில் வைத்து என்ன சொன்னீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னவோ சொன்னனான். ஆருக்கு ஞாபகம்?" என்கிறார். தம்பிக்கும் ஞாபகமில்லையாம். "நீ வாயைக் கிண்டினது மட்டும் வடிவா ஞாபகம்" என்கிறான்.

ஆகவே வாசகர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஏன் இந்த மருந்து என்று அவனுக்கு எப்படிச் சொன்னீர்கள்? நீண்ட விளக்கம் வேண்டாம். பொய் இல்லாததாக, கேட்கிற பிள்ளை தலை குனியாததாக ஒரு வசனம் போதும். கொஞ்சம் கெதியாக எழுதினால் உதவியாக இருக்கும். மகன் வாசிக்கப் பழகிவிட்டான். நேற்றிலிருந்து மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருப்பதை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.